தேதியை எண்ணாக்கினால் காசிமேட்டு ஞாயிறு சனியாகிவிடும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே வியாபாரம் சூரியனுக்காகக் காத்திருப்பதில்லை. நடுநிசி தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே ஏலம் களைகட்டிவிடும். ஆற அமர எழுந்து காபி குடித்துவிட்டு ஏழு மணிக்கு மேல் வருபவர்களுக்குக் கூட்டமும் மிச்சமும்தான் கிடைக்கும். மற்ற நாட்களைவிட ஞாயிறு விற்பனை அதிகம் என்பதைச் சொல்ல அங்கே யாருக்கும் டேட்டாபேஸ் தேவையில்லை.

அந்த விற்பனையை ஒரு கல்லூரி மாணவர் தன் பிராஜெக்டுக்காக டேபிளில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் நேரம் இருக்கிறது. நேரத்தை யூனிக்ஸ் எண்ணாக, அதாவது 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளாகச் சேமிக்கிறார். நாள்வாரியாகக் கூட்ட வேண்டும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. அந்த எண்ணால் வகுத்து, தசமத்தை வெட்டிவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முழு எண் வந்துவிடும். குரூப் பை போட்டால் வேலை முடிந்தது. குவெரி நன்றாக ஓடுகிறது, படமும் அழகாக வருகிறது. ஆனால் அந்தப் படத்தில் உயரமான கம்பம் சனிக்கிழமையில் நிற்கிறது!

நடந்தது இதுதான். யூனிக்ஸ் கடிகாரத்துக்கு நாள் பிறப்பது யுடிசி நேரப்படி நள்ளிரவில். அப்போது சென்னையில் காலை 5.30. அந்த வகுத்தல் கணக்குக்கு அதிகாலை 5.29 வரை இன்னும் நேற்றைய நாள்தான். காசிமேட்டில் நடக்க வேண்டிய முக்கால்வாசி வேலை அதற்குள் நடந்துவிடுகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மீன் மொத்தமும் சனிக்கிழமைக் கணக்கில் போய் உட்காருகிறது. ஒரு பிழைச் செய்திகூட வராது. தப்பு என்று கண்டுபிடிக்க, அந்தப் படத்தைப் பார்ப்பவர் ஒருமுறையாவது காசிமேட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

கற்பனை உதாரணம் போதாது என்றால் நிஜ உதாரணம் வடக்கே கொஞ்சம் தள்ளி, எண்ணூரிலேயே இருக்கிறது. 2017 ஜனவரி 28 அதிகாலை சுமார் நான்கு மணிக்கு, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கடலில் கசிந்த எண்ணெய் கரை ஒதுங்கி, அதை ஆட்கள் வாளியால் அள்ளிய காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நான்கு மணியை யூனிக்ஸ் எண்ணாக்கினால் 1485556200. அதை 86,400-ஆல் வகுத்தால் 17193.94 வரும். தசமத்தை வெட்டினால் 17193. அந்த எண்ணுக்குரிய தேதி ஜனவரி 27. ஊரே 28 என்று சொல்லும் ஒரு விபத்து, ஒரே ஒரு வகுத்தலில் முந்தின நாளுக்குப் போய்விடுகிறது. மீனவர்கள் எத்தனை நாள் தொழிலுக்குப் போகவில்லை, நஷ்டஈடு எந்தத் தேதியிலிருந்து என்றெல்லாம் கணக்குப் போடும் இடத்தில் இப்படி ஒரு நாள் நகர்ந்தால் அது சின்ன விஷயமில்லை.

உடனே ஒருவர் சொல்வார்: ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டு வகுத்தால் சரியாகிவிடுமே என்று. 19,800 விநாடி. இன்றைய தேதிகளுக்கு அது சரிதான். ஆனால் அந்த எண் எப்போதும் 19,800-ஆக இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டன. அதற்கும் முன்னால், 1906 ஜனவரி 1-க்கு முன், இன்றைய இந்திய நேரம் என்ற ஒன்றே கிடையாது. ரயில்கள் மெட்ராஸ் நேரப்படி ஓடின. கணினிகள் பயன்படுத்தும் உலக நேர மண்டலக் கோப்பில் அந்த மெட்ராஸ் நேரம் இன்னும் 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்று பதிவாகியிருக்கிறது. ராயபுரம் ஸ்டேஷனின் பழைய ரயில் பதிவேடுகளை யாராவது டேட்டாபேஸில் ஏற்றினால் அந்த எட்டு நிமிடச் சொச்சமும் வந்து மல்லுக்கு நிற்கும். எண்ணைக் கையால் கூட்டுவதைவிட, நேர மண்டலத்தின் பெயரைச் சொல்லி டேட்டாபேஸையே மாற்றச் சொல்வது நல்லது.

இவ்வளவு தொல்லை என்றால் தேதியை ஏன் எண்ணாக்க வேண்டும்? தேதி என்பது மனிதர்களுக்கு வசதியானது, கணக்குக்கு அசௌகரியமானது. மாதத்துக்கு 28, 29, 30, 31 என்று நாட்கள் மாறிக்கொண்டே இருக்கும். மார்ச் 3-லிருந்து பிப்ரவரி 20-ஐக் கழி என்றால் எந்த வருஷம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. எல்லா நாட்களையும் ஒரே கயிற்றில் முடிச்சுகளாகப் போட்டு வரிசையாக எண் கொடுத்துவிட்டால் கழித்தல் ஒரு நொடி வேலை. இந்த யோசனை கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. வாக்கியப் பஞ்சாங்கம் கணிப்பவர்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவருவதும் இதைத்தான். கலியுகம் தொடங்கியதாகக் கொள்ளும் கி.மு. 3102 பிப்ரவரி 18-ஐப் பூஜ்யமாக வைத்து, அன்றிலிருந்து கடந்த நாட்களை ஒரே எண்ணாகச் சொல்வது கலி தினம். கணிப்பெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும். மெட்ராஸ் வானாய்வுக்கூடத்தில் சில வருடம் பொறுப்பில் இருந்த ஜான் வாரன் 1825-ல் மெட்ராஸில் வெளியிட்ட 'கால சங்கலித' என்ற நூலில் இந்த முறையை விரிவாக எழுதியிருக்கிறார். தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் வாய்பாட்டை மனப்பாடமாகச் சொல்லி, தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததையும் பதிவு செய்திருக்கிறார்.

எண்ணூர் விபத்து நடந்த நாளின் கலி தினம் 1869316. இதை ஏழால் வகுத்தால் மிச்சம் 1. கலியின் முதல் நாள் வெள்ளி என்பதால் மிச்சம் 0 என்றால் வெள்ளி, 1 என்றால் சனி. 2017 ஜனவரி 28 சனிக்கிழமைதான்! ஆரக்கிளில் அதே தேதியை ஜூலியன் நாள் எண்ணாகக் கேட்டால் 2457782 என்று சொல்லும். இரண்டுக்கும் வித்தியாசம் 588466. எந்தத் தேதியை எடுத்தாலும் அதே வித்தியாசம்தான் வரும். சோழியும் ஆரக்கிளும் ஒரே கயிற்றில்தான் எண்ணுகின்றன, ஆரம்ப முடிச்சு மட்டும் வேறு.

பஞ்சாங்கக்காரர்களின் ஒரு நல்ல பழக்கத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் வெறும் எண்ணைச் சொல்வதில்லை. 'கலி' தினம் என்று சொல்கிறார்கள். பூஜ்யம் எங்கே இருக்கிறது என்பது பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் உலகத்தில் அந்தப் பெயர் உதிர்ந்துவிட்டது. அதே ஜனவரி 28-ஐ எக்செல் 42763 என்கிறது. எஸ்கியூஎல் சர்வர் 42761 என்கிறது. மைஎஸ்கியூஎல்லின் டூ-டேஸ் 736722 என்கிறது. மைஎஸ்கியூஎல்லின் எண் தூரத்தில் இருப்பதால் கலந்துவிட்டால் உடனே தெரிந்துவிடும். ஆபத்தானவை முதல் இரண்டும்தான், ஏனென்றால் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன.

அந்த இரண்டு நாள் வித்தியாசத்தின் கதை சுவாரசியமானது. எஸ்கியூஎல் சர்வர் 1900 ஜனவரி 1-ஐ 0 என்று தொடங்குகிறது, எக்செல் 1 என்று தொடங்குகிறது. அது ஒரு நாள். இன்னொரு நாள் உலகத்தில் இல்லவே இல்லாத நாள்: 1900 பிப்ரவரி 29. நூறால் வகுபடும் வருஷம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப் வருஷம், எனவே 1900 லீப் வருஷம் அல்ல. ஆனால் பழைய லோட்டஸ் 1-2-3 அதை லீப் வருஷமாக எண்ணிவிட்டது. லோட்டஸ் கோப்புகள் தன்னிடமும் திறக்க வேண்டும் என்று எக்செல் அந்தத் தவறையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் எக்செல்லில் 60 என்று போட்டுத் தேதியாக மாற்றினால் அந்தப் பிறக்காத நாள் வந்து நிற்கும்.

இது துறைமுகத்துக்குப் பக்கத்தில் யாரைக் கடிக்கும்? கன்டெய்னர் கணக்கு பார்ப்பவர்களை. கப்பலிலிருந்து இறங்கிய பெட்டிக்குக் குறிப்பிட்ட நாட்கள் வரை வாடகை கிடையாது. அதற்கு ஃப்ரீ டேஸ் என்று பெயர். அது தாண்டினால் டெமரேஜ், டிடென்ஷன் என்று நாளுக்கு இவ்வளவு என மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்களில் எக்செல் இல்லாத மேஜை கிடையாது. பெட்டி வந்த தேதி எக்செல் எண்ணாக இறக்குமதியாகி, வெளியே போன தேதி எஸ்கியூஎல் சர்வரின் எண்ணாக இருந்து, இரண்டையும் கழித்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு நாள் குறையும். இரண்டு தேதியும் எக்செல்லிலிருந்தே வந்தால் கணக்கு சரியாக இருக்கும். அதனால்தான் சோதிக்கும்போது சரியாக இருந்தது பிறகு தவறுகிறது.

இதைவிடக் குறும்பான ஒன்று எஸ்கியூஎல் சர்வரில் இருக்கிறது. தேதியும் நேரமும் சேர்ந்த பழைய டேட்டைம் மதிப்பை காஸ்ட் போட்டு முழு எண்ணாக்கினால், அது தசமத்தை வெட்டுவதில்லை, அருகிலுள்ள முழு எண்ணுக்கு உருட்டுகிறது. காலை பத்து மணி அன்றைய நாளாகவே இருக்கும். பிற்பகல் இரண்டு மணி மறுநாளாகிவிடும். அதாவது இந்தக் கணக்கில் நாள் மாறுவது மதியம் பன்னிரண்டுக்கு. காலையில் கேட் வழியாக உள்ளே வந்து, வேறொரு நாள் மதியத்துக்கு மேல் வெளியே போன பெட்டிக்கு ஒரு நாள் கூடும். மதியத்துக்கு மேல் வந்து காலையில் போன பெட்டிக்கு ஒரு நாள் குறையும். திருவொற்றியூர், எண்ணூர் சாலைகளில் டிரெய்லர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பது எல்லோரும் பார்த்த காட்சி. காலை பதினொன்றுக்கு வரவேண்டிய வண்டி நெரிசலில் மாட்டி ஒரு மணிக்கு கேட்டைத் தொட்டால், அந்த இரண்டு மணி நேரம் ஒரு முழு நாள் ஆகிவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சிலருக்குக் கூடி, சிலருக்குக் குறைவதால் மொத்தச் சராசரி ஏறக்குறைய சரியாகவே வரும். மாதாந்திர அறிக்கையில் 'சராசரியாகப் பெட்டி தங்கும் நாட்கள்' என்ற வரியைப் பார்க்கும் மேலதிகாரிக்கு எந்தச் சந்தேகமும் வராது. ஆனால் சராசரிக்கு யாரும் பில் போடுவதில்லை. பில் தனித்தனிப் பெட்டிக்குத்தான், பணம் கட்டுபவர் தனித்தனி ஆள்தான்.

எட்டு இலக்கத் தேதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017 ஜனவரி 28-ஐ 20170128 என்று எழுதும் வழக்கம். வரிசைப்படுத்த இதைவிட எளிது வேறில்லை. பெரியது எது, சிறியது எது என்று ஒப்பிட்டாலும் தப்பாது. கண்ணால் படிக்கவும் முடிகிறது. அதனாலேயே இதைக் கழித்துப் பார்க்கும் ஆசையும் வந்துவிடுகிறது. மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளலாம். கிழக்குக் கடற்கரையில் 2025-ல் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 20250614-இலிருந்து 20250415-ஐக் கழித்தால் 199! நூற்றுத் தொண்ணூற்றொன்பது நாள் விசைப்படகுகள் கரையில் நின்றால் காசிமேடு என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் இரண்டு தேதிகளுக்கு நடுவே வெறும் கழித்தல் குறி போட்டாலும் இதே கூத்துதான்; அது தேதிகளைச் சத்தமில்லாமல் எட்டு இலக்கமாக மாற்றிக் கழிக்கும். ஒரே மாதத்துக்குள் விடை சரியாக வரும். மாதம் தாண்டினால்தான் பல் இளிக்கும். 5-ஆம் தேதிக்கும் 9-ஆம் தேதிக்கும் சோதித்துப் பார்த்துவிட்டு 'சரியாக வேலை செய்கிறது' என்று டிக் அடித்தவர்கள் எத்தனை பேரோ.

சரி, ஒழுங்காக நாள் எண்ணாக மாற்றிக் கழித்தால்? 60 வருகிறது. ஆனால் தடைக்காலம் 61 நாள் என்றுதான் அரசு அறிவிக்கிறது, மீனவர்களும் அப்படியே சொல்கிறார்கள். யாரும் தவறாகச் சொல்லவில்லை. ஏப்ரலில் 16, மே மாதம் 31, ஜூனில் 14, மொத்தம் 61. முதல் நாளும் கடைசி நாளும் சேர்த்தி. தமிழ்நாட்டில் 2017-க்கு முன் இருந்த 45 நாள் தடையும் அப்படித்தான், ஏப்ரல் 15 முதல் மே 29 வரை, கழித்தால் 44. கழித்தல் என்பது இரண்டு முடிச்சுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளை எண்ணுகிறது, முடிச்சுகளை எண்ணுவதில்லை. ஒன்று கூட்ட வேண்டுமா வேண்டாமா என்பதை எந்த டேட்டாபேஸும் தானாக அறியாது. அது உத்தரவில் எழுதியிருக்கும். பல சட்டக் கணக்குகளில் முதல் நாளை விட்டுவிட வேண்டும். 1897-ஆம் வருடத்துப் பொது வாசகச் சட்டத்தின் 9-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது: மத்தியச் சட்டங்களில் 'முதல்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டால் முதல் நாள் சேராது, 'வரை' என்பதற்கானதைப் போட்டால் கடைசி நாள் சேரும். ஒரே குவெரியை இரண்டு இடத்துக்கும் காப்பி பேஸ்ட் செய்பவர், ஏதோ ஓரிடத்தில் ஒரு நாளைத் தின்றுவிடுகிறார்.

கல்லூரி லேபில் இந்தப் பாடம் நடக்கும் விதம்தான் வருத்தமானது. தேதியை எண்ணாக மாற்ற எந்த ஃபங்ஷன், அதற்கு எத்தனை மார்க் என்பதோடு முடிந்துவிடுகிறது. பூஜ்யம் எங்கே, நாள் எப்போது பிறக்கிறது, ஓரத்து நாட்கள் சேருமா என்ற மூன்று கேள்விகள் வைவாவில் வருவதே இல்லை. ஃபங்ஷன் பெயரை கூகிள் சொல்லிவிடும். அந்த மூன்றுக்கும் பதில் துறைமுகத்திலும் மீன் ஏலக்கூடத்திலும்தான் கிடைக்கும்.

எண்ணாகவே சேமிப்பது வேகம், இடமும் மிச்சம் என்ற வாதத்துக்கு ஒரு காலத்தில் பலம் இருந்தது. இன்று தேதி என்ற வகையே டேட்டாபேஸுக்குள் ஒரு சின்ன எண்ணாகத்தான் இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரிலும் மைஎஸ்கியூஎல்லிலும் அது எடுத்துக்கொள்வது மூன்றே பைட். நிஜமான வேக இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. வேர் பகுதியில் காலத்தின் மேலேயே மாற்றும் ஃபங்ஷனைப் போர்த்தினால், பெரும்பாலும் இன்டெக்ஸ் பயன்படாமல் போய், டேபிளின் ஒவ்வொரு வரியையும் மாற்றிப் பார்க்க வேண்டியதாகிறது. அதற்குப் பதில் காலத்தைத் தொடாமல் விட்டு, ஜனவரி 28 நள்ளிரவுக்குச் சமம் அல்லது மேல், ஜனவரி 29 நள்ளிரவுக்குக் கீழ் என்று எல்லை கட்டினால் இன்டெக்ஸும் வேலை செய்யும், மதியம் உருளும் தொல்லையும் கிடையாது. டேட்டா வேர்ஹவுஸ்காரர்கள் எட்டு இலக்க எண்ணைச் சாவியாக வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. அவர்கள் அதைக் கழிப்பதில்லை. அது பெயர்ப்பலகை மட்டும்தான். பஸ் நம்பர் 56-லிருந்து 32-ஐ யாரும் கழிப்பதில்லையே.

மற்றவர்களுக்கு: டேபிளில் தேதி தேதியாகவே இருக்கட்டும். கணக்குப் போடும் கடைசி அடியில் மட்டும் எண்ணாகட்டும். அந்த எண் வரும் காலத்துக்குப் பெயர் வைக்கும்போது வெறும் 'நாள்' என்று வைக்காமல், எங்கிருந்து எண்ணியது, ஓரங்கள் சேர்த்ததா என்பது தெரிகிற மாதிரி நீளமாகவே வைக்கட்டும். அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, வலை சரிபார்த்துக் காத்திருக்கும் விசைப்படகுகள் தேதி மாறியதும் காசிமேட்டிலிருந்து கிளம்பும். படகில் உள்ள ஜிபிஎஸ் கருவி தரும் நேரம் யுடிசி. ஜூன் 15 நள்ளிரவு 12.05-க்குக் கிளம்பிய படகுக்கு அது ஜூன் 14 மாலை 6.35 என்று எழுதும். அந்தப் பதிவை 86,400-ஆல் வகுத்து, தசமத்தை வெட்டி, தடைக்காலத்தில் கடலுக்குப் போன படகுகள் எவை என்று யாராவது ஒரு குவெரி எழுதினால், அறுபத்தொரு நாளும் ஒழுங்காகக் கரையில் நின்ற அத்தனை படகுகளும் அந்தப் பட்டியலில் வரும்.